வரவும் செலவும் இருப்பும்



வரலாறு என்றதும் உங்கள் மனத்தில் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் தோன்றுவது இயல்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்று நானும் அவற்றையே கற்பித்து வந்தேன். ஆயினும் பணியினின்று ஓய்வு பெற்றபின், ஒரு நாள் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது, என் தந்தையாரின் கணக்குச் சிட்டை ஒன்று கைக்குக் கிடைத்தது. அதைப் புரட்டிப் பார்த்தபோது, இதுவும் ஒரு வரலாற்று நூலே என்று எனக்குத் தோன்றிற்று. ஒரு குடும்பம் எவற்றைத் தேவை என்று கருதியது, எவற்றைத் தள்ளிவைத்தது, எதற்கு அஞ்சியது, எதை நம்பியது என்பன எல்லாம் அதில் நாள்தோறும் எழுதப்பட்டிருந்தன.

என் தந்தையார் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதும் குமாஸ்தா. பிறருடைய ஆயிரங்களைப் பகலில் எழுதிவிட்டு, தம்முடைய அணாக்களை இரவில் எழுதுவார். அந்தச் சிட்டை நீண்டு ஒடுங்கியது; மேலே பிள்ளையார் சுழி; அதன் கீழே வரவு, செலவு, இருப்பு என்ற மூன்று சொற்கள். நாள் தவறியதில்லை. செலவே இல்லாத நாளிலும் ‘செலவு இல்லை’ என்று எழுதி, இருப்பை மறுபடியும் எண்ணிப் பதிந்திருக்கிறார்.

அந்தச் சிட்டையில் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதப் பக்கம் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. அம்மாதம் முதல் தேதியில்தான் நம் நாட்டில் தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை. அன்று முதல் ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா. 1964இல் ‘நயா’ என்ற அடைமொழி நீங்கி, வெறும் பைசா என்று ஆயிற்று. மாற்றம் வந்த உடனேயே பழைய நாணயங்கள் மறைந்துவிடவில்லை. சில காலம் இரண்டும் கலந்தே புழங்கின. இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. நான்கு அணா என்றால் சரியாக 25 நயா பைசா, அதில் வழக்கில்லை. ஆனால் ஓர் அணா என்றால் ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? அரசாங்கத்தின் மாற்று அட்டவணை ஓர் அணாவுக்கு 6 நயா பைசா என்று கூறியது. கடைத்தெருவில் சிலர் ஏழு கேட்டார்கள்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் தந்தையார் சிறிய எழுத்தில், ‘அணா ஒன்றுக்கு 6. ஏழு அன்று’ என்று எழுதியிருக்கிறார். ஒரு பைசாவுக்கு இவ்வளவு கண்டிப்பா என்று நீங்கள் நகைக்கலாம். நாளொன்றுக்கு நான்கு முறை ஓரணாச் சாமான் வாங்குகிற வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஏழு கொடுத்தால் 28 ஆகிறது. உண்மையில் சேரவேண்டியது 25. நாளைக்கு மூன்று, மாதத்துக்குத் தொண்ணூறு, ஆண்டுக்குப் பத்து ரூபாய் தொண்ணூற்றைந்து காசு. மாதச் சம்பளம் பத்தின் மடங்குகளில் எண்ணப்பட்ட வீட்டுக்கு அது சிறு தொகை அன்று. என் தாயார் எழுத்தறிந்தவர் அல்லர். எனினும் அவர் இதற்கு ஒரு வழி கண்டார். கறிவேப்பிலை, கீரை, பச்சைமிளகாய் என்று தனித்தனியே வாங்காமல், எல்லாவற்றையும் ஒரே கடையில் ஒரே வேளையில் நாலணாவுக்குச் சேர்த்து வாங்கினார். நாலணாவில் பின்னம் இல்லை. ஆகவே நட்டமும் இல்லை. பள்ளிக்கூடம் போகாத ஒருவர் தசமக் கணக்கை வென்ற கதையாக இதைப் பின்னாளில் அவரே எங்களுக்குச் சொல்லுவார்.

செலவை அறிந்து செய்வது என்பதன் பொருள் இதுதான். சிக்கனம் என்பது உண்ணாமல் இருப்பதோ, உடுத்தாமல் இருப்பதோ அன்று. நம் கையிலிருந்து போவது எது, அது எவ்வழியே போகிறது என்று தெரிந்துகொண்டிருப்பதே சிக்கனம். வருவாயின் வழி சிறிதாக இருப்பினும் கேடில்லை, செலவின் வழி அதைவிட அகலாமல் இருந்தால் போதும் என்ற கருத்தைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அந்த அதிகாரம் அரசனுக்கு உரைத்தது. நாட்டுக்குச் சொன்ன கணக்கு வீட்டுக்கும் பொருந்துகிறது.

இனி உங்களைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துச் சென்னைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். குடும்பச் செலவைப் பற்றியும் சேமிப்பைப் பற்றியும் நம் நகரத்து மக்கள் இரண்டு பெரும் பாடங்களை மூன்றே ஆண்டுகளில் கற்ற காலம் அது.

அந்நாளில் சென்னையில் மாதச் சம்பளம் பெறும் ஒரு புதிய வகுப்பு வளர்ந்திருந்தது. குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், சிறு உத்தியோகஸ்தர்கள் ஆகியோர் அவ்வகுப்பினர். சம்பளம் மாதத்தில் ஒரு நாள் வரும். பசியோ நாள்தோறும் வரும். இடைப்பட்ட நாள்களுக்குக் கடையில் பற்றுக் கணக்கு. கடன் வாங்குகிறவன் எடையைப் பற்றியும் கலப்படத்தைப் பற்றியும் வாய் திறக்க முடியாது. விலை சற்றுக் கூடுதலாக எழுதப்பட்டாலும் கேட்க இயலாது. திருமணம், நோய் என்று பெருஞ்செலவு வந்துவிட்டால் வட்டிக்காரனைத் தவிர வேறு புகலிடம் இல்லை.

இந்நிலையினின்று மீள, சென்னை மக்கள் முதலில் கண்ட வழி ‘நிதி’ என்பது. பலர் கூடி மாதந்தோறும் ஒரு தவணை செலுத்துவார்கள். சேர்ந்த பணத்திலிருந்து தங்களுக்குள்ளேயே மிதமான வட்டிக்குக் கடன் கொடுத்துக்கொள்வார்கள். 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் பண்டு இவ்வகையைச் சார்ந்தது. பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, உழவர்களுக்குக் கடன் வசதி அமைப்பது குறித்துச் சென்னை அரசாங்கத்துக்கு 1895இலும் 1897இலும் இரு பகுதிகளாக அறிக்கை அளித்தார். ஐரோப்பியக் கூட்டுறவுச் சங்கங்களை ஆராய்ந்த அவர், நம் ஊர் நிதிகளையும் கருத்துடன் நோக்கினார். இவ்வாராய்ச்சிகளின் தொடர்ச்சியாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது.

அதே 1904ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் சிலர் ஒன்று கூடி, திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். அவர்களில் ஒருவர், அந்நாளில் இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். பின்னாளில் உலகம் போற்றிய சொல்வன்மையாளராகிய அவர், அப்போது அரிசி பருப்பு விற்கும் கடையொன்றை அமைப்பதில் ஈடுபட்டார் என்பதை எண்ணும்போது, தலைமையாசிரியனாக இருந்த எனக்குச் சற்றுப் பெருமிதம் ஏற்படுவதை மறைப்பதற்கில்லை.

அவர்களுக்கு எடுத்துக்காட்டாக இருந்தது இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகேயுள்ள ராச்டேல் என்னும் ஊர். அங்கே 28 பேர், அவர்களுள் பலர் நெசவாளர்கள், வறுமையின் நடுவே 28 பவுன் முதல் சேர்த்து, 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பண்டங்களே அன்று அக்கடையில் இருந்தன. ஆனால் அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள் உறுதியானவை. கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, கடனில்லா விற்பனை, கணக்கை உறுப்பினர் முன் வைத்தல், மிஞ்சிய இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பத் திருப்பித் தருதல். அதாவது, செலவு செய்கிறவனே கடையின் உரிமையாளன் ஆனான். தன் காசு எங்கே போகிறது என்பதை அவன் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. திருவல்லிக்கேணியார் இக்கருத்தைத்தான் பெரிய தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 1904ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. பண்டகசாலை போன்ற பிற வகைச் சங்கங்களுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. ஆகவே இவர்கள் சட்டத்துக்கும் முன்னே நடந்தவர்கள் எனலாம்.

இது முதற்பாடம். செலவைக் கண்காணிக்கும் பாடம். இரண்டாம் பாடம் ஈராண்டுகளில் வந்தது. அது கண்ணீரோடு வந்தது.

செலவு போக எஞ்சியதை எங்கே வைப்பது? கிராமத்தில் நெல்லாகக் குதிரில் வைத்தார்கள்; நகரத்தில் நகையாகப் பெட்டியில் வைத்தார்கள். 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி ஏற்பட்டபின் சிலர் அதில் போட்டார்கள். ஆயின் வசதி சற்று மிகுந்தோர் பலர் நாடியது, சென்னையின் பெரிய ஐரோப்பிய வணிக நிறுவனங்களுள் ஒன்றாகிய ஆர்பத்நாட் கம்பெனியை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் ஓங்கி நின்ற பெயர். அதன் தலைவர் ‘சர்’ பட்டம் பெற்றவர். வட்டியும் கவர்ச்சியாக இருந்தது. ஓய்வூதியம் பெற்றோர், கைம்பெண்கள், மகளின் மணத்துக்குச் சேர்த்துவைத்தோர், கோயில் அறக்கட்டளைகளை நிருவகிப்போர் என்று பலரும் தங்கள் பணத்தை அங்கே வைத்தார்கள். கம்பெனியின் கட்டடம் உயரமாக இருந்தது. எனவே கம்பெனியும் உறுதியாக இருக்கும் என்று நம்பினார்கள்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அந்தக் கதவுகள் அடைபட்டன. கம்பெனி திவாலாயிற்று. வைப்பாளர்களின் பணத்தைக் கொண்டு கடல் கடந்த நாடுகளில் நிச்சயமற்ற முயற்சிகளில் இறங்கியிருந்தார்கள் என்பதும், நிலைமை சீர்கெட்ட பின்னும் புதிய வைப்புகளை வாங்கிக்கொண்டே இருந்தார்கள் என்பதும் பிறகு வெளிவந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் வெறுங்கையாயின. கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டு, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். தண்டனை நியாயத்தை நிலைநாட்டியது. பணத்தைத் திருப்பித் தரவில்லை.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். பணத்தை இழந்தவர்கள் ஊதாரிகள் அல்லர். அவர்கள் சிக்கனமானவர்கள். வீட்டுக் கணக்கைப் பைசா விடாமல் எழுதியவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். தங்கள் கணக்கைப் பார்த்த அவர்கள், தங்கள் பணத்தை வைத்திருந்தவனின் கணக்கைப் பார்க்கவில்லை. பார்க்கவும் வழியில்லை. அது சிலர் கூட்டாக நடத்திய தனியார் நிறுவனம். ஊரார் முன் கணக்கு வெளியிட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. வட்டி தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதனால் யாரும் கேட்கவும் இல்லை.

இந்தத் துயரத்திலிருந்து ஒரு நன்மையும் விளைந்தது. வைப்பாளர்களின் பக்கம் நின்று போராடியவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். பாரதியாரின் தேசியப் பாடல்கள் சிலவற்றை அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தவரும் இவரே. நம்மவர் பணத்துக்கு நம்மவரே பொறுப்பேற்கும் வங்கி ஒன்று வேண்டும் என்று அவர் முனைந்தார். நாட்டுக்கோட்டை நகரத்தார் பெருமக்கள் துணை நின்றனர். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியன் வங்கி தன் பணியைத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து நாடு விடுதலை பெற்ற நாளும் அதே ஆகஸ்டு 15 என்பது தற்செயலான இனிய பொருத்தம். பங்குதாரர்களைக் கொண்டு, ஆண்டுதோறும் கணக்கை வெளியிடும் நிறுவனமாக அது அமைந்தது. 1969இல் அது அரசுடைமையாயிற்று.

இவ்வளவையும் அறிந்த நான் பிழை செய்திருக்க மாட்டேன் என்று நீங்கள் எண்ணலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1990களில் நம் மாநிலத்து நகரங்களில் நிதி நிறுவனங்கள் பல தோன்றின. வங்கி தருவதைப்போல் இருமடங்கு வட்டி என்று அழைத்தன. உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் சிலர் சேர்ந்தனர். நானும் என் மகளின் மேற்படிப்புக்கென்று எட்டு ஆண்டுகளாகச் சேர்த்த முப்பதாயிரம் ரூபாயை அத்தகைய ஒன்றில் கொண்டுபோய்க் கட்டினேன். என் மனைவி அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நமக்கே இவ்வளவு வட்டி கொடுக்கிறார்கள் என்றால், அவர்கள் எதில் போட்டு அதைவிட அதிகமாகச் சம்பாதிக்கிறார்கள்?” எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததை மறைக்கச் சிரித்தேன். பதினொரு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. பன்னிரண்டாம் மாதம் சென்றபோது கதவில் பூட்டும், வாசலில் கூட்டமும் இருந்தன. அந்தக் கூட்டத்தில் நின்றபோதுதான், 1906ஆம் ஆண்டு அக்டோபரில் நின்றவர்களின் நிலையை நான் உணர்ந்தேன். புத்தகத்தில் படித்தது வேறு. வெயிலில் நின்றது வேறு.

என் மகள் படித்தாள். அவளுடைய முதலாண்டுக் கட்டணம் என் மனைவியின் வளையல்களாக இருந்தது. அன்றிரவு கணக்கு எழுத உட்கார்ந்தபோது, அந்த முப்பதாயிரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் நெடுநேரம் இருந்தேன். பிறகு ‘கேட்காமல் விட்ட கேள்விக்குச் செலவு’ என்று எழுதினேன்.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். குடும்பப் பொருளாதாரம் இரண்டு பாதிகளால் ஆனது. செலவைக் கணக்கிடுவது ஒரு பாதி. எஞ்சியதை வைத்திருப்பவனைக் கணக்குக் கேட்பது மறுபாதி. என் தந்தையார் முதற்பாதியில் வல்லவர். இரண்டாம் பாதியை வரலாறு எனக்குச் சொல்லியது, நான் செவிசாய்க்கவில்லை. என் மனைவி சொன்னார், அப்போதும் செவிசாய்க்கவில்லை.

இன்று பாதுகாப்புகள் பெருகியிருக்கின்றன. 1935இல் ரிசர்வ் வங்கி ஏற்பட்டது. வங்கிகளை முறைப்படுத்தும் சட்டம் 1949இல் வந்தது. 1960இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டு மக்கள் தவித்ததற்குப் பின், 1962 ஜனவரி முதல் வைப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. முதலில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான் காப்பு; 2020 முதல் அது ஐந்து இலட்சம் ரூபாய். நிதி நிறுவனங்களில் ஏமாந்தவர்களின் நலன் காக்கத் தமிழ்நாட்டில் 1997இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இவை ஒவ்வொன்றும் எவரோ சிலர் இழந்த பணத்தின் மேல் எழுந்தவை என்பதை மறவாதீர்கள். ஆனால் வைப்புக் காப்பீடு வங்கிக்கே உரியது. கூடுதல் வட்டி சொல்லி அழைக்கும் எல்லாக் கதவுகளுக்கும் அது காவல் இல்லை. சட்டம் வழக்கமாக இழப்புக்குப் பின் வருகிறது. கேள்வி இழப்புக்கு முன் வர வேண்டும்.

நீங்கள் இன்றே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. ஒரு சிறு குறிப்பேடு வாங்குங்கள். உங்களுக்குக் கிடைக்கும் கைச்செலவுப் பணம் எவ்வளவு குறைவாயினும் வரவில் எழுதுங்கள். தேநீருக்கும் பேருந்துக்கும் எழுதுகோலுக்கும் கொடுத்ததைச் செலவில் எழுதுங்கள். இரவில் இருப்பை எண்ணுங்கள். இப்போது கைப்பேசியைக் காட்டியே பணம் கொடுத்துவிடுகிறோம். காசு கையை விட்டுப் போவதைக் கை உணர்வதில்லை. எனவே எழுதவேண்டிய தேவை என் தந்தையார் காலத்தைவிட இன்று மிகுதி. மாத இறுதியில் அந்தப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். உங்களைக் கடிந்துகொள்வதற்காக அன்று, உங்களை அறிந்துகொள்வதற்காக. எது தேவையால் வந்தது, எது நண்பன் வாங்கினான் என்பதால் வந்தது என்று உங்களுக்கே விளங்கும்.

நாளை நீங்கள் பொருளீட்டி, சிறிது மிச்சமும் பிடிக்கும்போது, அதை எவரிடமேனும் ஒப்படைக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இவர் எதில் சம்பாதித்து எனக்கு வட்டி தருகிறார்? இவருடைய கணக்கை யார் பார்க்கிறார்கள்? நான் வேண்டும்போது என் பணம் திரும்பி வருமா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்காவிட்டால், எவ்வளவு வட்டியானாலும் திரும்பி வந்துவிடுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட்டதால் வந்த நட்டத்தை நான் அனுபவித்தவன்.

என் தந்தையாரின் சிட்டை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் அவர் விட்டுச்சென்ற இருப்பு பதினேழு ரூபாய் நாற்பது காசு. அதன் கீழே யாருக்கும் கடன் பாக்கி என்று ஒரு வரியும் இல்லை. சென்ற மாதம் என் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் அதுபோல் நீளமான குறிப்பேடு ஒன்று வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன். அந்தக் குறிப்பேட்டின் விலையே அவளுடைய முதல் நாள் செலவாக எழுதப்பட்டிருக்கிறது.